ஜெர்மன் நூல்களில் வரும் ஹங்கேரி ஊர்ப்பெயர்கள்: ராப், கிரான், ஓஃபன் எல்லாம் இன்று எந்த ஊர்?

ஏட்டுவாசி (கேள்வி)

வணக்கம். ஹாப்ஸ்பர்க் (ஆஸ்திரிய அரச மரபு)–உதுமானிய (துருக்கிய)ப் போர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் அச்சான ஒரு ஜெர்மன் நூலிலிருந்து சில அதிகாரங்களைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பேசப்படும் காலம் 1526 முதல் 1699 வரை. கையில் இருப்பது பழைய ஃப்ராக்டூர் எழுத்தில் அச்சான பக்கங்களின் மின்பிரதி, கூடவே அதன் ஓசிஆர் உரை (பக்கப் படத்திலிருந்து கணினி படித்தெடுத்த எழுத்து).

மொழி பிடிபடுகிறது, ஊர்ப்பெயர்கள்தான் பிடிபடவில்லை. ஓஃபன், பெஸ்ட், ராப், கிரான், கோமோர்ன், வைட்சன், ஓடன்பூர்க், கூன்ஸ், ஷ்டைன்அமாங்கர், ஷ்டூல்வைசன்பூர்க், ஃபூன்ஃப்கிர்ஷென், எர்லாவ், உங்காரிஷ்-ஆல்டன்பூர்க் என்று வருகின்றன. இணைய நிலப்படத்தில் தேடினால் சில பெயர்கள் கிடைப்பதே இல்லை. கிடைப்பவை ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ போர் நடக்காத இடத்தில் போய் நிற்கின்றன.

1. இவை இன்று எந்த ஊர்கள்?
2. ஜெர்மன் பெயருக்கும் ஹங்கேரியப் பெயருக்கும் ஏன் ஒட்டுறவே தெரியவில்லை?
3. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் நானே கண்டுபிடிக்க என்ன வழி?
4. தமிழில் எந்தப் பெயரை எழுதுவது?

---

டான்யூப்கரை

முதலில் பட்டியலை முடித்துவிடுவோம். அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றோடு கீழே இறங்குங்கள். அந்தப் படைகள் போன வழியும் அதுதான் என்பதால் நூலின் போக்கோடு பெயர்களும் பொருந்தி வரும்.

எல்லை தாண்டியதும் உங்காரிஷ்-ஆல்டன்பூர்க். ஹங்கேரியப் பெயர் மஜரோவார். 1939இல் பக்கத்து ஊரான மோஷோனோடு சேர்ந்து இன்று மோஷோன்மஜரோவார். அந்த மோஷோனுக்கு ஜெர்மனில் வீசல்பூர்க் என்று பெயர், அதுவும் உங்கள் நூலில் வரலாம். அடுத்து ராப், இன்றைய ஜ்யோர். அடுத்து கோமோர்ன், ஹங்கேரியத்தில் கோமாரோம். ஆனால் பழைய கோட்டையும் நகரமும் ஆற்றின் வடகரையில் இருந்தன. அந்தக் கரை இன்று ஸ்லோவாக்கியா, ஊரின் பெயர் கோமார்னோ. தென்கரையில் உள்ள கோமாரோம் மட்டும் ஹங்கேரி. 17ஆம் நூற்றாண்டு முற்றுகை என்றால் வடகரையைத்தான் குறிக்க வேண்டும்.

பிறகு கிரான், இன்றைய எஸ்டெர்கோம். அதற்குக் கீழே ஆறு தெற்கே திரும்பும் வளைவில் பிளின்டன்பூர்க் என்று ஒரு கோட்டை வந்தால் அது விஷெக்ராட். வளைவைத் தாண்டி வைட்சன், அதாவது வாட்ஸ். பிறகு மேற்குக்கரையில் ஓஃபன், கிழக்குக்கரையில் பெஸ்ட். ஓஃபன் என்பது புடா. ஓஃபனுக்குச் சற்று வடக்கே ஆல்ட்ஓஃபன், அது ஓபுடா. இந்த மூன்றும் 1873இல்தான் புடாபெஸ்ட் என்று ஒரே நகரமாயின. இன்னும் தெற்கே போனால் மோஹாட்ஷ், 1526 போர் நடந்த மோஹாச்.

ஆற்றை விட்டு விலகியவை: மேற்கெல்லையில் ஓடன்பூர்க் (ஷோப்ரோன்), அதற்குத் தெற்கே கூன்ஸ் (கோஸெக்), இன்னும் தெற்கே ஷ்டைன்அமாங்கர் (ஸோம்பத்ஹெய்). பாலட்டோன் ஏரிக்கும் புடாவுக்கும் இடையே ஷ்டூல்வைசன்பூர்க் (ஸேக்கெஷ்ஃபெஹேர்வார்). ஏரிக்கு ஜெர்மன் பெயர் பிளாட்டன்சே. தெற்கே ஃபூன்ஃப்கிர்ஷென் (பேச்). வடகிழக்கே எர்லாவ் (எகெர்). டிஸா ஆற்றங்கரையில் ஸெகெடின் (ஸெகெட்). அந்த ஆறு ஜெர்மனில் டைஸ்.

ஏன் ஒட்டுறவு இல்லை என்றால், பெயர்கள் நான்கு வெவ்வேறு வழிகளில் பிறந்திருக்கின்றன.

சில ஆற்றின் பெயர்கள். ராபா ஆறு ஜ்யோரில் டான்யூபின் மோஷோன் கிளையில் கலக்கிறது. ஜெர்மானியர் ஆற்றின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். ரோமர் காலத்து அர்ராபோனாவிலும் அதே ஆறுதான் இருக்கிறது. எஸ்டெர்கோமுக்கு நேரெதிரே ஹ்ரோன் ஆறு டான்யூபில் விழுகிறது. அந்த ஆற்றின் ஜெர்மன் பெயர் கிரான். கோஸெக் ஊரின் வழியே ஓடும் ஆறு ஜெர்மனில் கூன்ஸ்.

சில மொழிபெயர்ப்புகள். ஸேக் என்றால் இருக்கை, இங்கே அரியணை. ஃபெஹேர் வெள்ளை, வார் கோட்டை. ஜெர்மன் பெயரில் ஷ்டூல், வைஸ், பூர்க் என்று அதே மூன்றும் அதே வரிசையில் நிற்கின்றன. இடைக்கால ஹங்கேரி மன்னர்களுக்கு முடிசூட்டிய ஊர் அது, அதனால்தான் அரியணை. துருக்கியர் அதை இஸ்டோல்னி பெல்கிராட் என்றார்கள். ஸ்லாவிய மொழி வழியாக வந்த அதே பொருள். மஜரோவாரின் பழைய கோட்டையும் அப்படியே ஆல்டன்பூர்க் ஆயிற்று.

ஃபூன்ஃப்கிர்ஷென் ஹங்கேரியப் பெயரிலிருந்து வரவில்லை. ஐந்து தேவாலயங்கள் என்ற இடைக்கால லத்தீன் பெயரான குவின்குவே எக்ளீசியேயின் நேர் மொழிபெயர்ப்பு அது. ஷ்டைன்அமாங்கர் என்றால் புல்வெளியில் கல். ரோமர் நகரமான சவாரியா அங்கே இருந்தது, அதன் இடிபாடுகளை நினைவூட்டும் பெயர். ஸோம்பத்ஹெய் என்ற ஹங்கேரியப் பெயரோ சனிக்கிழமைச் சந்தையிலிருந்து வந்தது. ஒரே ஊர், பெயர் வைத்தவர்கள் பார்த்தது வேறு வேறு.

மூன்றாவது வகை காதில் விழுந்ததை எழுதிக்கொண்டது: டெப்ரெட்சின், ஸெகெடின், கோமோர்ன், வெஸ்ப்ரிம். இவை சிக்கல் தராது, வாய்விட்டுப் படித்தாலே ஊர் தெரிந்துவிடும்.

நான்காவது, ஜெர்மானியர் தாமாகச் சூட்டியவை. ஓடன்பூர்க்கில் உள்ள 'ஓட' பாழடைந்தது என்று பொருள்படும். ரோமர் காலத்து ஸ்கார்பான்டியாவின் சிதைந்த மதில்கள் மீது எழுந்த ஊர் அது.

முதல் இரண்டு வகைகளுக்கு ஒலியை வைத்துத் தேடவே கூடாது. எந்த ஆற்றின் எந்தக் கரை, எந்த மாவட்டம் என்று பாருங்கள்.

---

வரைபடமேசை

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் உங்கள் காலகட்டத்துக்கு இதைவிட ஆபத்தானவை வேறு. ஊர் கிடைத்துவிட்டது என்று நினைக்க வைத்து, தவறான ஊரில் கொண்டுபோய் விடும் பெயர்கள் சில இருக்கின்றன.

எகெர். ஜெர்மன் நூலில் எகெர் என்று வந்தால் அது ஹங்கேரியின் எகெர் அல்ல. பொஹீமியாவின் மேற்கு மூலையில் உள்ள ஹெப் நகரம், இன்று செக் குடியரசில் இருக்கிறது. 1634இல் வாலன்ஸ்டைன் கொல்லப்பட்ட இடம். ஹங்கேரியின் எகெர் எப்போதும் எர்லாவ். 1552இல் இஷ்ட்வான் டோபோ காத்து நின்ற கோட்டை, 1596இல் துருக்கியர் பிடித்த கோட்டை இரண்டும் எர்லாவ்தான். முப்பதாண்டுப் போரையும் துருக்கிப் போரையும் சேர்த்துப் பேசும் நூலில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடும்.

ஐசன்பூர்க், ஐசன்ஷ்டாட். இரண்டிலும் இரும்பு உண்டு, ஊர்கள் வேறு. ஐசன்பூர்க் என்பது வாஷ்வார். அதே பெயர் வாஷ் மாவட்டத்துக்கும் வரும். ஐசன்ஷ்டாட் ஹங்கேரியத்தில் கிஷ்மார்டோன், இன்று ஆஸ்திரியாவின் பூர்கன்லாந்து மாநிலத் தலைநகரம். 1664 ஆகஸ்ட் 1இல் சென்ட்கோட்ஹார்ட் போர் (ஜெர்மனில் சாங்ட் கோட்ஹார்ட்). ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான ஐசன்பூர்க் உடன்படிக்கை என்று நூல் சொன்னால் அது வாஷ்வார் உடன்படிக்கை. இந்த சாங்ட் கோட்ஹார்டைச் சுவிட்சர்லாந்துக் கணவாயோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

வைசன்பூர்க். வெள்ளைக்கோட்டை என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு. முன்னொட்டுதான் உயிர்நாடி. ஷ்டூல்வைசன்பூர்க் ஸேக்கெஷ்ஃபெஹேர்வார். கிரீகிஷ்-வைசன்பூர்க் பெல்கிரேடு. ட்ரான்சில்வேனியாச் சூழலில் வெறும் வைசன்பூர்க் என்று வந்தால் ஜுலாஃபெஹேர்வார், இன்றைய ருமேனியாவின் ஆல்பா யூலியா. அந்த ஊருக்கே 18ஆம் நூற்றாண்டில் கார்ல்ஸ்பூர்க் என்ற பெயர் வந்தது. ஆசிரியர்கள் இரண்டாம் முறை எழுதும்போது முன்னொட்டை விட்டுவிடுவார்கள். அப்போது ஆண்டைப் பாருங்கள். 1521இல் சுலைமான் பிடித்தது பெல்கிரேடு, 1543இல் பிடித்தது ஸேக்கெஷ்ஃபெஹேர்வார்.

ஆல்டன்பூர்க். வியன்னாவுக்குக் கிழக்கே டான்யூப் கரையிலேயே டொய்ச்-ஆல்டன்பூர்க் என்று ஓர் ஊர் இருக்கிறது, ஆஸ்திரியாவின் எல்லைக்குள். அதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ஹங்கேரிய ஊருக்கு உங்காரிஷ் என்ற முன்னொட்டு. இரண்டும் ஒரே படைவழியில் இருப்பதால் முன்னொட்டு இல்லாத ஆல்டன்பூர்க்கை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். முந்தைய முகாமும் அடுத்த முகாமும் எவை என்று பாருங்கள்.

வீசல்பூர்க். கீழ் ஆஸ்திரியாவிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. இணைய நிலப்படம் அதைத்தான் காட்டும்.

ராப். மேல் ஆஸ்திரியாவில் ராப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1594இல் துருக்கியரிடம் விழுந்து 1598இல் மீட்கப்பட்ட ராப் அது அல்ல, ஜ்யோர். அந்த மீட்பின் நினைவாக ஆஸ்திரியச் சாலையோரங்களில் நட்ட கற்சிலுவைகளுக்கு ராபர் சிலுவை என்றே பெயர். அந்தச் சொல் நூலில் வந்தாலும் குறிப்பது ஜ்யோரைத்தான். மறுபுறம், ராப் என்று ஆற்றையும் சொல்வார்கள். 1664 போர் ராப் ஆற்றங்கரையில் நடந்தது, ராப் நகரத்தில் அல்ல. சென்ட்கோட்ஹார்ட் அங்கிருந்து வெகுதூரம் தென்மேற்கே இருக்கிறது.

டிர்னாவ். இது ஹங்கேரியத்தில் நாஜ்ஸோம்பத், ஸ்லோவாக்கியாவின் ட்ர்னவா. பெயரில் ஸோம்பத் இருப்பதால் ஸோம்பத்ஹெய் என்று எழுதிவிட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. ஒன்று பிரெஸ்பூர்க்குக்கு வடகிழக்கே, மற்றது மேற்கு ஹங்கேரியில்.

இன்னொன்று, ஊர் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் வழுக்கும் இடம்: 'கிரான் பேராயர்'. எஸ்டெர்கோமைத் துருக்கியர் 1543இல் பிடித்ததும் பேராயர் பீடம் டிர்னாவுக்குப் போய்விட்டது, 1820இல்தான் திரும்பியது. எனவே '1640களில் கிரான் பேராயர் கடிதம் அனுப்பினார்' என்பதை 'எஸ்டெர்கோமிலிருந்து அனுப்பினார்' என்று பெயர்த்தால் பிழை. கிரான் அங்கே பதவிப்பெயரில் இருக்கிறது, இருப்பிடம் அல்ல.

---

முள்ளெழுத்து

ஓசிஆர் உரையை வைத்து வேலை செய்வதால் சில குறிப்புகள்.

ஃப்ராக்டூரில் நீண்ட எஸ் எழுத்தும் எஃப் எழுத்தும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், குறுக்குக்கோடு மட்டும் வேறுபாடு. ஓஃபன் 'ஓசன்' ஆகிவிடும், பெஸ்ட் 'பெஃப்ட்' ஆகிவிடும். பெரிய ஆர் எழுத்தும் என் எழுத்தும் குழம்பும். அப்போது ராப் 'நாப்' ஆகிறது. நாப் என்பது பவேரியாவில் உண்மையிலேயே ஓடும் ஆறு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. போர்க்களம் திடீரென்று பவேரியாவுக்குத் தாவினால் மின்பிரதியின் படத்தைத் திறந்து அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தேடும்போது ஓடன்பூர்க்கின் முதலெழுத்தை மூன்று விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்: இரட்டைப்புள்ளி வைத்த ஓ, ஓ-வும் ஈ-யும் சேர்ந்த இரட்டை எழுத்து, புள்ளியே இல்லாத வெறும் ஓ. பழைய அச்சகங்களில் பெரிய எழுத்துக்குப் புள்ளி வைக்க இடமில்லாததால் ஓ-ஈ வடிவமே அதிகம். ஜ்யோர், கோஸெக் ஆகியவற்றில் இன்றைய ஹங்கேரிய எழுத்து புள்ளிகளுக்குப் பதில் இரண்டு சாய்கோடுகள் கொண்டது. ஜெர்மன் அச்சில் அந்த எழுத்து இல்லாததால் புள்ளிகளே இருக்கும். ஷ்டூல்வைசன்பூர்க் இரட்டை எஸ்ஸோடும் வரும், ஜெர்மனுக்கே உரிய எஸ்-இசட் கூட்டெழுத்தோடும் வரும். பெஸ்ட் கடைசியில் ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் வரும். டெப்ரெட்சினில் இன்று சி மட்டும் வரும் இடத்தில் பழைய எழுத்துமுறையில் சி-இசட் இருக்கும்.

தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டால் இந்தப் பெயர்கள்தான் முதலில் உடையும். ஓஃபன் 'அடுப்பு' ஆகும். பெஸ்ட் 'கொள்ளைநோய்' ஆகும், ஏனென்றால் ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. 1686 முற்றுகையின்போது படைமுகாமில் நோய் பரவியதும் உண்மைதான் என்பதால், 'படை பெஸ்ட்டுக்கு அருகே இருந்தது' என்ற வரி நோயைப் பற்றியதா நகரத்தைப் பற்றியதா என்று வாக்கியத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெயர்ச்சொல் எல்லாமே ஜெர்மனில் பெரிய எழுத்தில் தொடங்குவதால் அது உதவாது. சுட்டுச்சொல் உதவும்: நோய்க்கு முன் 'டீ' அல்லது 'டெர்' வரும், நகரத்துக்கு முன் வராது.

உரையை எந்த இயந்திரத்தில் போடுவதற்கு முன்பும், பெயர்களை எல்லாம் தேடி ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு ஒரு குறியீடு போட்டு மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் குறியீட்டை எடுத்துப் பெயரை வையுங்கள். ஊர்ப்பெயர் கெடாமல் இருக்க இதைவிட உறுதியான வழி இல்லை.

---

ஏட்டுவாசி

மூவருக்கும் நன்றி. நாப் விஷயம் என் பிரதியில் இரண்டு இடத்தில் இருக்கிறது, படத்தைத் திறந்து பார்த்ததும் ராப் என்றே தெரிகிறது.

இன்னும் சில கேள்விகள். நோய்ஹோய்சல் என்று ஒரு கோட்டை 1663இலும் 1685இலும் வருகிறது, அது எங்கே? ஓஃபன் என்றால் புடா என்கிறீர்கள், பிறகு ஏன் அடுப்பு என்ற பொருள்? ஒவ்வொரு பெயரும் எந்த மாவட்டம் என்று பார்க்கச் சொன்னீர்கள், அந்த மாவட்டப் பெயர்களும் ஜெர்மனில்தானே இருக்கின்றன?

---

டான்யூப்கரை

நோய்ஹோய்சல் ஹங்கேரியத்தில் ஏர்ஷெகூய்வார், இன்று ஸ்லோவாக்கியாவின் நோவே சாம்கி. நித்ரா ஆற்றங்கரைக் கோட்டை. 1663இல் துருக்கியர் பிடித்தார்கள், 1685இல் ஹாப்ஸ்பர்க் படை மீட்டது.

இதை ஒட்டி ஒரு பொதுவான குறிப்பு. உங்கள் காலத்து ஹங்கேரி இன்றைய ஹங்கேரியைவிடப் பெரியது, எல்லைகள் முதல் உலகப்போருக்குப் பிறகு மாறியவை. எனவே 'ஹங்கேரியில் உள்ள' என்று நூல் சொல்லும் பிரெஸ்பூர்க் (போஜோனி, இன்றைய பிராட்டிஸ்லாவா), காஷாவ் (கஷ்ஷா, கோஷித்செ), குரோஸ்வார்டைன் (நாஜ்வாரத், ஒராடேயா), கிளவுசன்பூர்க் (கோலோஜ்வார், க்ளூஜ்) எதுவும் இன்று ஹங்கேரியில் இல்லை. பிராட்டிஸ்லாவா என்ற பெயர் 1919இல்தான் அதிகாரப்பூர்வமாயிற்று. 17ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியில் அதை மட்டும் எழுதினால் வாசகர் காலத்தைத் தவறாக நினைப்பார்.

ஓஃபன் பற்றி: பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். பெஸ்ட் என்ற பெயரே உலை என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது, ஜெர்மானியர் அதை ஓஃபன் என்று மொழிபெயர்த்தார்கள். 1241 மங்கோலியப் படையெடுப்புக்குப் பின் நான்காம் பேலா மன்னர் எதிர்க்கரைக் குன்றின் மேல் கோட்டை நகரம் எழுப்பிப் பெஸ்ட் மக்களை அங்கே குடியேற்றினார். அந்தக் குன்று லத்தீன் ஆவணங்களில் 'பெஸ்ட்டின் புதுமலை' என்றே குறிக்கப்படுகிறது. குடிகளோடு ஜெர்மன் பெயரும் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. ஆகவே ஓஃபன் மேற்குக்கரையிலும், அதே பொருளுள்ள ஸ்லாவியப் பெயர் கிழக்குக்கரையிலும் நின்றன. இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு படையெடுப்பின் தடம் இரண்டு கரைகளின் பெயரிலேயே பதிந்திருக்கிறது.

மாவட்டங்கள்: ஜெர்மனில் கோமிடாட், பழைய நூல்களில் கெஷ்பான்ஷாஃப்ட். பல மாவட்டங்களுக்குத் தலைக்கோட்டையின் பெயரே என்பதால் ராப், கிரான், கோமோர்ன், ஓடன்பூர்க், வீசல்பூர்க், ஐசன்பூர்க் எல்லாம் மாவட்டப் பெயராகவும் வரும். வைசன்பூர்க் மாவட்டம் என்றால் ஃபெயேர். டோல்னாவ் டோல்னா, பிரனாவ் பரான்யா, ஷோமோடை ஷோமோஜ். இந்தக் கடைசி மூன்றும் சேர்ந்த பகுதிக்கு 'ஷ்வாபிய துருக்கி' என்று ஒரு பெயர் உண்டு. துருக்கியர் ஆட்சி போன பிறகு ஜெர்மானியர் குடியேறிய பகுதி அது. துருக்கி நாடு என்று எழுதிவிடாதீர்கள்.

மாவட்டம் தெரிந்தாலும் நாடு தெரிந்ததாகாது. ஓடன்பூர்க் மாவட்டம் 1921இல் பிளவுபட்டது. மேற்குப் பகுதி ஆஸ்திரியாவின் பூர்கன்லாந்துக்குப் போனது. ஓடன்பூர்க் நகரமும் சுற்றியுள்ள சில ஊர்களும் 1921 டிசம்பர் 14 முதல் 16 வரை நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆதரவோடு ஹங்கேரியில் தங்கின. அதே மாவட்டத்தில் 1811இல் பிறந்த இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஊர், ஹங்கேரியத்தில் டோபோர்யான், இன்று ரைடிங் என்ற பெயரில் ஆஸ்திரியாவில் இருக்கிறது.

---

வரைபடமேசை

தானாகக் கண்டுபிடிக்கும் வழி கேட்டிருந்தீர்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

பெயரை முதலில் துண்டாக்குங்கள். குரோஸ் என்றால் ஹங்கேரியத்தில் நாஜ், கிளைன் என்றால் கிஷ், ஆல்ட் என்றால் ஓ, நோய் என்றால் ஊய், டொய்ச் என்றால் நேமெத், உங்காரிஷ் என்றால் மஜர், ஓபர் என்றால் ஃபெல்ஷோ, உன்டர் என்றால் அல்ஷோ, சாங்ட் என்றால் சென்ட், பூர்க் என்றால் வார், டோர்ஃப் என்றால் ஃபலு. இந்தப் பதினொன்று தெரிந்தால் சிறிய ஊர்களில் பெரும்பாலும் பாதை திறக்கும். ஆனால் இதை ஒரு ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோய்ஹோய்சல் போன்ற பெயர்கள் இந்தப் பட்டியலுக்கு முழுதாக அடங்காது.

அடுத்து லத்தீன் பெயர். ஹங்கேரியில் 1844 வரை நிர்வாக மொழி லத்தீன். இரண்டாம் ஜோசஃப் 1784இல் ஜெர்மனைத் திணித்து 1790இல் அந்த ஆணையைத் திரும்பப் பெற்ற இடைவெளி நீங்கலாக அப்படித்தான். அதனால் ஜெர்மன் நூல்களின் அடிக்குறிப்பில் லத்தீன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அது குழப்பம் தராதது. யௌரினும் என்றால் ஜ்யோர், ஸ்ட்ரிகோனியும் எஸ்டெர்கோம், அக்ரியா எகெர், ஆல்பா ரெகியா ஸேக்கெஷ்ஃபெஹேர்வார், சபாரியா ஸோம்பத்ஹெய், போசோனியும் பிரெஸ்பூர்க், டிர்னாவியா டிர்னாவ். அக்ரியா என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் எகெர்–எர்லாவ் குழப்பமே இல்லை.

மூன்றாவதாக நிலப்படம். ஹாப்ஸ்பர்க் ராணுவ அளவைப் படங்களைப் பயன்படுத்துங்கள், இன்றைய படத்தின் மேல் அடுக்கிப் பார்க்கும் வசதியோடு இணையத்தில் கிடைக்கின்றன. ஹங்கேரிக்கான முதல் அளவை 1782–1785இல் 1:28,800 அளவில் வரைந்தது. உங்கள் போர்களுக்குப் பிந்தியது என்றாலும் பெயர்வழக்கு நெருக்கமானது. அதில் ஆற்றைப் பிடித்துக்கொண்டு நகருங்கள். பெயர் பிடிபடாத ஊரைச் சுற்றி, பிடிபட்ட மூன்று ஊர்களாவது இருக்க வேண்டும். மூன்று அமைந்தால்தான் முடிவு.

கடைசியாக 1913ஆம் ஆண்டு ஹங்கேரி ஊர்ப்பட்டியல். எல்லை மாறுவதற்கு முந்திய நிலை, ஒவ்வொரு ஊருக்கும் மாவட்டமும் வட்டமும் இருக்கும். ஆனால் 1898ஆம் ஆண்டின் நான்காம் சட்டம் ஓர் ஊருக்கு ஒரே அதிகாரப்பூர்வப் பெயர் என்று விதித்தது. ஒரே பெயர் கொண்ட ஊர்களைப் பிரித்துக் காட்ட முன்னொட்டுகள் சேர்ந்தன. ஆகவே பழைய நூலில் உள்ள குட்டைப் பெயரை அகரவரிசையில் தேடினால் கிடைக்காமல் போகும், பின்பகுதியை வைத்துத் தேட வேண்டும். புடாவைச் சுற்றியுள்ள ஜெர்மன் குடியேற்ற ஊர்களில் இது தெளிவாகத் தெரியும். வெரிஷ்வர் என்று ஜெர்மானியர் சொன்னது பிலிஷ்வோரோஷ்வார். பிலிஷ் என்ற மலைப்பெயர் ஜெர்மனில் இல்லவே இல்லை. வுடர்ஷ் என்றால் புடாஓர்ஷ், வுடிகெஸ் என்றால் புடாகெசி, ஷாவ்மர் என்றால் ஷோய்மார். இவை எல்லாம் பேச்சுவழக்கில் தேய்ந்த வடிவங்கள், எழுத்து ஊருக்கு ஊர் மாறும். உங்கள் நூலின் காலத்துக்கு இவை வர வாய்ப்பு குறைவு, ஏனென்றால் குடியேற்றம் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில்தான்.

---

முள்ளெழுத்து

நான்காவது கேள்வி விட்டுப்போய்விட்டது.

தமிழில் இன்றைய ஹங்கேரியப் பெயரை முதன்மையாக வைத்து, அதிகாரத்தில் முதல்முறை வரும்போது ஜெர்மன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஜ்யோர் (ஜெர்மனில் ராப்)'. அதன்பின் ஜ்யோர் மட்டும் போதும். இரண்டு விதிவிலக்குகள் வைத்துக்கொள்வது நல்லது. மேற்கோள், உடன்படிக்கைத் தலைப்பு, பதவிப்பெயர் ஆகியவற்றில் மூலத்தின் பெயரைக் கைவிடாதீர்கள். புடாபெஸ்ட் என்ற பெயரை 1873க்கு முந்திய எதற்கும் எழுதாதீர்கள். 1541இல் துருக்கியர் கையில் விழுந்ததும் 1686 செப்டம்பர் 2இல் மீட்கப்பட்டதும் புடா. பெஸ்ட் தனி ஊர், தனி மதில்.

பிரெஸ்பூர்க் போன்ற ஊர்களுக்கு முதல் குறிப்பில் மூன்று பெயரும் தேவை: மூலத்தின் ஜெர்மன் பெயர், ஹங்கேரியப் பெயர், இன்றைய பெயர். வாசகர் நிலப்படத்தில் தேடப்போவது மூன்றாவதை.

எழுத்துப்பெயர்ப்பில் பலரும் சறுக்குவது ஹங்கேரிய எஸ் எழுத்தில். அது தனியாக வந்தால் ஷ, இசட் சேர்ந்து வந்தால் ஸ. அதனால்தான் ஷோப்ரோன், ஆனால் ஸெகெட். சி என்பது ட்ஸ், எனவே வாட்ஸ். சி-எஸ் சேர்ந்தால் ச், எனவே பேச், மோஹாச். எல்-ஒய் சேர்ந்தால் ய, எனவே ஸோம்பத்ஹெய். ஜி-ஒய் சேர்ந்தால் ட்ய் போன்ற ஒலி. தமிழில் ஜ்ய அல்லது ஜ என்று எழுதினால் போதும், ஆனால் நூல் முழுக்க ஒரே விதமாக இருக்கட்டும்.

நூலின் பின்னால் ஒரு பெயரடைவு போடுங்கள். நான்கு பத்தி: நூலில் உள்ள வடிவம், ஹங்கேரியப் பெயர், இன்றைய பெயரும் நாடும், ஊர் இருக்கும் ஆறு. ஓசிஆர் கெடுத்த வடிவங்களையும் முதல் பத்தியிலேயே சாய்வெழுத்தில் சேர்த்துவிடுங்கள். மூலத்தின் மின்பிரதியைத் தேடிப் போகும் வாசகர் அங்கே 'நாப்' என்றுதான் பார்க்கப்போகிறார்.